யூரின் ட்யூப் தொற்றும் தனி அறை நோயாளியும்: குறைந்த ஆள்பலத்தில் எங்கிருந்து தொடங்குவது?

வார்டு_பொறுப்பு கேட்டது:

வணக்கம். 60 படுக்கை உள்ள மருத்துவமனை ஒன்றில் தொற்றுக் கட்டுப்பாட்டுப் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. 6 படுக்கை ஐசியூ, ஆண், பெண் பொது வார்டுகள், பிரசவ வார்டு. இரவில் பொது வார்டுக்கு ஒரு ஸ்டாஃப் நர்ஸ், ஒரு ஆயாம்மா. உடம்பு துடைப்பது, திருப்பிப் படுக்க வைப்பது, யூரின் பேக் காலி செய்வது என்று பாதி வேலையைக் கூடத் தங்கும் சொந்தக்காரர்கள்தான் செய்கிறார்கள்.

யூரின் ட்யூப் போட்டவர்களுக்கு அடிக்கடி காய்ச்சல் வருகிறது, கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) பாசிட்டிவ் வருகிறது. போடும்போது இருக்கும் அவசரம் எடுக்கும்போது யாருக்கும் இல்லை. வென்ஃப்ளான் (டிரிப்ஸ் ஏற்ற நரம்பில் போடும் சின்னக் குழாய்) போட்ட கை சிவந்து வீங்குகிறது. ஹேண்ட் ரப் (கையில் தேய்க்கும் ஆல்கஹால் திரவம்) செலவைக் காட்டி வார்டுக்கு ஒரு பாட்டில்தான் தருகிறார்கள். இதையெல்லாம் விட மனசை அறுப்பது வேறு: கார்பபெனெம் என்ற வீரியமான ஆன்டிபயாடிக்குக்கும் அடங்காத க்ளெப்சியெல்லா கிருமி வந்த நோயாளியைத் தனி அறைக்கு மாற்றினால், அன்றிலிருந்து அந்த அறைக்குள் போகவே எல்லோரும் தயங்குகிறார்கள். சாப்பாட்டுத் தட்டு வாசலிலேயே நின்றுவிடுகிறது. 'எங்களை ஏன் ஒதுக்கி வெச்சிருக்கீங்க?' என்று குடும்பத்தார் கேட்டால் சரியான பதில் எங்களிடம் இல்லை.

போஸ்டர், உறுதிமொழி எல்லாம் ஆயிற்று. தொற்றும் குறைய வேண்டும், நோயாளி அனாதையாகக் கிடக்கவும் கூடாது. அளவு, நேரம், முறை என்று விவரமாகச் சொல்லத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கிருமியியல்_மேசை:

யூரின் ட்யூபில் தொடங்குங்கள் சிஸ்டர். காசில்லாமல் குறைக்கக்கூடிய தொற்று அது. ட்யூப் போன அன்றே நோயாளிக்கும் சுகம் தெரியும்.

முதலில் கணக்கு. தினமும் ஒரே நேரத்தில், காலை 8 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள், எத்தனை பேருக்கு ட்யூப் இருக்கிறது என்று வார்டுவாரியாக எண்ணி எழுதுங்கள். மாதக் கடைசியில் கூட்டினால் வருவது ட்யூப் நாட்கள். தொற்று எண்ணிக்கையை அதனால் வகுத்து 1000-ஆல் பெருக்குங்கள். 500 ட்யூப் நாளுக்கு 4 தொற்று என்றால் விகிதம் 8. வெறுமனே 'போன மாசம் 4, இந்த மாசம் 3' என்று பேசினால் ஒன்றும் விளங்காது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. தேவையில்லாத ட்யூபையெல்லாம் எடுத்த பிறகு மிஞ்சுபவர்கள் நிஜமாகவே மோசமான நிலையில் உள்ளவர்கள். வகுக்கும் எண்ணும் சிறுத்துவிடும். அதனால் வேலை நன்றாக நடக்கும்போதே விகிதம் ஏறுவது போலத் தோன்றும். நிர்வாகம் அதைப் பார்த்துத் திட்டும். எனவே இன்னொரு எண்ணையும் பக்கத்திலேயே எழுதுங்கள்: ட்யூப் நாட்களை மொத்த நோயாளி நாட்களால் வகுத்து வருவது. அது இறங்கினால் நீங்கள் சரியான வழியில் போகிறீர்கள்.

அடுத்தது, கல்ச்சர் பாசிட்டிவ் எல்லாம் தொற்று ஆகாது. ட்யூப் இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம் கூடிக்கொண்டே போகும். ஒரு மாதம் இருந்தால் கிட்டத்தட்ட எல்லோருக்கும் கிருமி இருக்கும், ஆனால் பெரும்பாலானவர்களுக்கு நோய் இருக்காது. ட்யூப் போட்டு 2 நாளுக்கு மேல் ஆகி, 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சலோ அடிவயிற்று வலியோ விலாப்பக்க வலியோ இருந்து, அதற்கு வேறு காரணமும் தெரியாமல், கல்ச்சரில் மி.லி.க்கு ஒரு லட்சம் கிருமி அல்லது அதற்கு மேல் வந்தால் தொற்று என்று எழுதுங்கள். சிறுநீர் கலங்கலாக இருக்கிறது, வாடை அடிக்கிறது என்பதற்காகக் கல்ச்சர் அனுப்ப வேண்டாம். அனுப்பினால் பாசிட்டிவ் வரும், வந்தால் யாராவது ஆன்டிபயாடிக் எழுதுவார்கள், அதில் பிழைப்பது நீங்கள் சொன்ன அந்த க்ளெப்சியெல்லாதான். கர்ப்பிணிகளும், சிறுநீர்ப்பாதையில் ரத்தம் கசியக்கூடிய அறுவைக்குப் போகிறவர்களும் இதற்கு விலக்கு.

சாம்பிளை பேக்கிலிருந்து பிடிக்கவே கூடாது. பேக்கில் நாள் முழுக்கத் தேங்கியதில் கிருமி பெருகிக் கிடக்கும். ட்யூபையும் பேக்கையும் பிரித்து இணைப்பில் பிடிப்பதும் தப்பு. பேக் குழாயில் சாம்பிள் எடுக்கும் வாய் இருந்தால் அதை ஆல்கஹாலில் 15 நொடி தேய்த்து, காய்ந்ததும் சிரிஞ்சில் உறிஞ்சுங்கள். மலிவு பேக்கில் அந்த வாய் இருக்காது. அப்போது பேக் குழாயைக் கொஞ்ச நேரம் கிளாம்ப் செய்து, லேடெக்ஸ் ட்யூபின் கடைசிப் பகுதியில், பலூன் கிளை (ட்யூபை உள்ளே நிறுத்தும் பலூனுக்குத் தண்ணீர் ஏற்றும் கிளை) இல்லாத பக்கமாக மெல்லிய ஊசியால் எடுக்கலாம். சிலிக்கான் ட்யூபில் இதைச் செய்யாதீர்கள், குத்திய ஓட்டை மூடாது. லேபுக்கு ஒரு மணி நேரத்துக்குள் போகவில்லை என்றால் 4 டிகிரி ஃப்ரிட்ஜில் வையுங்கள். மேசை மேல் மதியம் வரை கிடந்த சாம்பிளின் ரிப்போர்ட்டை நம்பி மருந்து எழுதக் கூடாது. எடுத்த ட்யூபின் நுனியைக் கல்ச்சருக்கு அனுப்புவதால் பயன் இல்லை.

---

செவிலியர்_ஆசிரியை:

மேலே சொன்ன கணக்கு சரி. ஆனால் ட்யூபை எடுப்பதற்கு முன்னால், எடுத்த பிறகு அந்த நோயாளி எப்படிச் சிறுநீர் கழிப்பார் என்று யோசித்துவிடுங்கள். அதை ஏற்பாடு செய்யாத வார்டில் காலையில் எடுத்த ட்யூப் ராத்திரி திரும்பி வந்துவிடும்.

வயதான அம்மாக்கள் ராத்திரி யாரையும் எழுப்பக் கூடாது என்று சாயங்காலமே தண்ணி குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். கேட்டால் 'தாகமில்ல கண்ணு' என்பார்கள். அதில் சிறுநீர் சுண்டி, எரிச்சல் வந்து, குழப்பமும் வரும். ட்யூப் எடுத்தவருக்குக் கை எட்டும் தூரத்தில் பெட்பேன் அல்லது யூரினல், கட்டிலோரம் கமோட் நாற்காலி, சுற்றி மறைக்க ஒரு ஸ்க்ரீன், 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை 'போகணுமா?' என்று நாமே கேட்பது, இவ்வளவும் வேண்டும். ஸ்க்ரீன் இல்லாத பொது வார்டில் பத்துப் பேர் பார்க்க பெட்பேன் வைத்தால் யாருக்கும் சிறுநீர் வராது. அதை 'அடைப்பு' என்று எழுதி மறுபடி ட்யூப் போடுவது கொடுமை.

யாருக்கு ட்யூப் நியாயம்: சிறுநீர் அடைப்பு, மணிக்கு மணி அளவு பார்க்க வேண்டிய மோசமான நிலை, சில அறுவைச் சிகிச்சைகள், முதுகின் அடிப்பக்கத்திலோ பிறப்புறுப்பின் அருகிலோ திறந்த புண் இருந்து சிறுநீர் கட்டுப்படாதவர்கள், இடுப்பு எலும்பு முறிந்து அசையக் கூடாதவர்கள், கடைசிக் காலத்தில் நிம்மதிக்காக வேண்டும் என்பவர்கள். படுக்கை நனைகிறது என்பது மட்டும் காரணம் ஆகாது. ஆண்களுக்கு அடைப்பு இல்லையென்றால் காண்டம் கதீட்டர் (வெளியே உறையாக மாட்டுவது) போதும். அறுவைக்காகப் போட்டதை, தொடர வேறு காரணம் இல்லாதபோது 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிடலாம்.

போடும்போது: பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 14 அல்லது 16 சைஸ் போதும். பெரிய சைஸ் போட்டால் கசியாது என்பது தவறான எண்ணம், உள்ளே உரசிப் புண்ணாகும். பலூனுக்கு ஸ்டெரைல் வாட்டர் 10 மி.லி. சலைன் போட்டால் உப்பு படிந்து எடுக்கும்போது பலூன் வடியாமல் மாட்டிக்கொள்ளும். ஜெல்லி ஒருவருக்கு ஒன்று. வார்டுக்கே ஒரு ஜெல்லி ட்யூபை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் பிதுக்குவது பல இடங்களில் நடக்கிறது. அதன் வாய் ஒருவர் உடம்பில் பட்டால் மிச்சம் அத்தனை பேருக்கும் போகும். பெண்களுக்குத் தவறிப் பிறப்புறுப்புப் பாதையில் போய்விட்டால் அதை வெளியே இழுத்து மறுபடி அதையே நுழைக்காதீர்கள். அடையாளத்துக்கு அங்கேயே விட்டுவிட்டு, புது ட்யூபைச் சரியான இடத்தில் போட்ட பிறகு பழையதை எடுங்கள்.

ட்யூபைத் தொடையில் பிளாஸ்டர் போட்டுக் கட்டாயம் நிறுத்துங்கள். ஆண்களுக்கு அடிவயிற்றிலும் ஒட்டலாம். பேக் எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்க வேண்டும், தரையில் படக் கூடாது. ஸ்கேனுக்கு ஸ்ட்ரெச்சரில் போகும்போது பேக்கைத் தூக்கி வயிற்று மேல் வைத்து அனுப்புவதைப் பார்த்தால் அங்கேயே நிறுத்துங்கள். பேக்கில் தேங்கிய சிறுநீர் திரும்ப உள்ளே ஓடும். கிளம்பும் முன் காலி செய்து, ஸ்ட்ரெச்சரின் பக்கக் கம்பியில் மாட்டுங்கள்.

காலி செய்வதில்தான் கிருமி வார்டு முழுக்கப் பயணம் போகிறது. ஒரே மக், ஒரே ஜோடி க்ளவுஸ், ஒன்றாம் நம்பர் படுக்கையிலிருந்து பன்னிரண்டு வரை வரிசையாக. இதை நிறுத்தினாலே வித்தியாசம் தெரியும். ஆளுக்கு ஒரு மக், அதில் படுக்கை எண். பேக்கின் வாய் மக்கில் உரசக் கூடாது. மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும், இல்லாவிட்டால் 8 மணி நேரத்துக்கு ஒரு முறை. ஒவ்வொருவருக்கும் க்ளவுஸ் மாற்றி, கை சுத்தம் செய்து, அடுத்தவர்.

தினமும் சோப்புத் தண்ணீரில் கழுவினால் போதும். பீட்டாடின் தடவுவது, பிளாடர் வாஷ் (ட்யூப் வழியாகச் சிறுநீர்ப்பையைக் கழுவுவது) கொடுப்பது, வாரம் ஒரு முறை ட்யூப் மாற்றுவது எதுவும் வழக்கமாகத் தேவையில்லை. எடுக்கும் முன் கிளாம்ப் போட்டுப் பழக்குவதும் பயன் தருவதில்லை. எடுத்த 4 முதல் 6 மணி நேரத்தில் சிறுநீர் போனாரா என்று பாருங்கள். போகவில்லை, அடிவயிறு உப்பியிருக்கிறது என்றால் உடனே நிரந்தர ட்யூபுக்குப் போகாமல், ஒரு முறை வடித்துவிட்டு எடுத்துவிடும் முறையை டாக்டரிடம் கேளுங்கள்.

---

மருந்தக_அலமாரி:

ஹேண்ட் ரப் பற்றி. வார்டுக்கு ஒரு பாட்டில் என்றால் கை சுத்தம் நடக்கவே நடக்காது. நர்ஸ் நிற்கும் இடத்தில், கட்டில் கால்மாட்டுக் கம்பியில் இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்ச அளவு 1000 நோயாளி நாட்களுக்கு 20 லிட்டர். உங்கள் 60 படுக்கையில் தினமும் 50 நிரம்பினால் மாதம் 1500 நோயாளி நாள், அதாவது 30 லிட்டர். ஸ்டோரில் மாதம் எவ்வளவு போகிறது என்று பாருங்கள். 5 லிட்டர் என்றால் 'கை சுத்தம் 90 சதவீதம்' என்று ரெஜிஸ்டரில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம்.

செலவு குறைய மருந்தகத்திலேயே தயாரிக்கலாம். அந்த நிறுவனத்தின் இரண்டாம் கலவை, 10 லிட்டருக்கு: 99.8% ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் 7515 மி.லி., 3% ஹைட்ரஜன் பெராக்சைடு 417 மி.லி., 98% கிளிசரால் 145 மி.லி., மீதிக்குக் காய்ச்சி வடித்த நீர் அல்லது கொதித்து ஆறிய நீர். எத்தனாலில் செய்யும் கலவையும் உண்டு, ஆனால் அதை வாங்கி வைக்க மதுவிலக்குத் துறை அனுமதி வேண்டும். ஐசோப்ரொப்பைல் சுலபம்.

கவனிக்க: நம் கடைகளில் வரும் பெராக்சைடு பெரும்பாலும் 6%. அப்படியானால் பாதி, சுமார் 208 மி.லி. லேபிளைப் படிக்காமல் 417 ஊற்றுவது சாதாரணமாக நடக்கும் தப்பு. கிளிசரால் அளவுக் குடுவையில் ஒட்டிக்கொள்ளும். சேர்க்கப்போகும் தண்ணீரிலேயே கொஞ்சம் எடுத்து அலசி ஊற்றுங்கள். கிளிசரால் குறைந்தால் கை வெடிக்கும், கை வெடித்தவர்கள் ரப்பைத் தொட மாட்டார்கள். வாசனைக்கு எதுவும் சேர்க்காதீர்கள். பாட்டிலில் அடைத்து 72 மணி நேரம் தனியே வைத்த பிறகுதான் வார்டுக்கு. பாட்டிலில் இருக்கும் ஸ்போர்கள் (கெட்டி உறைக்குள் உறங்கும் கிருமிகள்) அதற்குள் பெராக்சைடில் அழியும். கையில் கிருமி கொல்வதற்காக அது சேர்க்கப்படவில்லை. ஒரே இடத்தில் 50 லிட்டருக்கு மேல் தயாரிக்க வேண்டாம், தீ ஆபத்து. காலியாகும் பாட்டில் மேல் மேலே ஊற்றி நிரப்பாமல், கழுவி, உலர்த்தி, பிறகு நிரப்புங்கள்.

உபயோகத்தில்: உள்ளங்கை நிறைய, ஏறக்குறைய 3 மி.லி. பம்ப்பை ஒரு தடவை அழுத்தினால் பலவற்றில் 1 அல்லது 1.5 மி.லி.தான் வரும், அதனால் இரண்டு மூன்று அழுத்து. 20 முதல் 30 நொடி ஈரமாக இருக்க வேண்டும். பத்து நொடியில் காய்ந்துவிட்டால் எடுத்தது போதவில்லை. கட்டைவிரலும் விரல் நுனியும்தான் எப்போதும் விட்டுப்போகும் இடங்கள். மோதிரம், வளையல், வாட்ச் இருந்தால் அதற்கடியில் ரப் போகாது.

கையில் அழுக்கோ ரத்தமோ தெரிந்தால் சோப்பும் தண்ணீரும், 40 முதல் 60 நொடி. ஆன்டிபயாடிக்குக்குப் பிறகு பேதி கண்ட நோயாளியிடமும் அப்படியே, அந்தப் பேதிக்குக் காரணமாகக்கூடிய க்ளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் கிருமியின் ஸ்போரை ஆல்கஹால் கொல்லாது. வாஷ்பேசின் பக்கத்தில் தொங்கும் பொதுத் துண்டை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். பழைய பருத்தித் துணியைச் சதுரமாக வெட்டித் துவைத்து அடுக்கி, ஒரு தடவை துடைத்ததும் கூடையில் போடுவது மலிவான வழி.

குடிப்பழக்கத்தை நிறுத்தும் சிகிச்சையில் இருப்பவர்கள், மனக்குழப்பம் உள்ளவர்கள், குழந்தைகள் இருக்கும் படுக்கையில் பாட்டிலை மாட்டாதீர்கள், குடித்துவிடும் ஆபத்து உண்டு. அங்கே நர்ஸ் பையில் சின்ன பாட்டில்.

---

துப்புரவு_மேற்பார்வை:

சுத்தம் செய்யும் அக்காக்களுக்கு அளவு சொல்லாமல் 'ஹைப்போ போடு' என்று மட்டும் சொன்னால் கண்ணளவில்தான் போடுவார்கள். 4% ஹைப்போகுளோரைட் கேனிலிருந்து: ரத்தம், வாந்தி சிந்திய இடத்துக்கு 1% வேண்டும், 250 மி.லி.யோடு 750 மி.லி. தண்ணீர். கட்டில் கம்பி, லாக்கர், சுவிட்ச், கதவுப் பிடிக்கு 0.1% போதும், 25 மி.லி.யோடு 975 மி.லி. தண்ணீர். கோடு போட்ட மக் ஒன்றை ஒவ்வொரு வார்டிலும் கட்டிவிடுங்கள். காலையில் கலக்கியதை மறுநாள் வைத்துக்கொள்ளக் கூடாது. கேனை வெயில் படும் வராந்தாவில் வைத்தால் கலக்கும் முன்பே வீரியம் போயிருக்கும்.

ரத்தம் மேல் நேராக ஊற்றிப் பிரயோஜனம் இல்லை. முதலில் பஞ்சோ பேப்பரோ போட்டு மூடி, மேலே 1% ஊற்றி, 10 நிமிடமாவது விட்டு, எடுத்து மஞ்சள் பையில் போட்டு, பிறகு சோப்புத் தண்ணீரில் துடைக்கணும். அழுக்கு இருக்கும் இடத்தில் ஹைப்போ வேலை செய்யாது. கழிப்பறை ஆசிடோடு ஹைப்போவைச் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். மூச்சுத் திணறி விழ வைக்கும். இரண்டையும் ஒரே அலமாரியில்கூட வைக்காதீர்கள்.

துடைக்கும் வரிசை: அழுக்குக் குறைந்த இடத்திலிருந்து கூடின இடத்துக்கு, மேலிருந்து கீழே, தனி அறை கடைசியில், அதற்கு வேறு மாப், வேறு துணி. ஒரு படுக்கைக்கு ஒரு துணி. அழுக்கான துணியைத் திரும்ப ஹைப்போ வாளியில் முக்கினால் வாளியே கெட்டுவிடும். அசினெடோபேக்டர் என்ற கிருமி காய்ந்த இடத்திலேயே வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும், அதனால் கட்டில் சுழற்றும் கைப்பிடி, மானிட்டர் பட்டன், டிரிப்ஸ் ஸ்டாண்டை விட்டுவிடாதீர்கள். கை கழுவும் வாஷ்பேசினில் மிச்ச டிரிப்ஸ், சிறுநீர், கஞ்சி எதையும் ஊற்ற விடாதீர்கள். குழாயடிச் சாக்கடையில் சூடோமோனாஸ் என்ற கிருமி வளர்ந்து, தண்ணீர் திறக்கும்போது தெறிக்கும். பேசினுக்கு ஒரு மீட்டருக்குள் மருந்து கலக்கும் மேசை இருந்தால் நகர்த்துங்கள்.

ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். பெருக்குகிற அக்காதான் தனி அறை நோயாளியிடம் தினமும் அதிக நேரம் இருப்பவர். அவர்களுக்கு க்ளவுஸ் கிழியாமல் கொடுத்து, எதனால் பயம் இல்லை என்று புரிய வைத்தால், உள்ளே போய் 'சாப்பிட்டீங்களா ஐயா?' என்று கேட்பார்கள்.

---

ஆதரவுச்_சிகிச்சை:

சிஸ்டர், வாசலில் நிற்கும் அந்தத் தட்டைப் பற்றி. கார்பபெனெமுக்கு அடங்காத க்ளெப்சியெல்லா மூச்சுக்காற்றில் தாவுவதில்லை. குடலிலும் சிறுநீரிலும் புண்ணிலும் இருக்கும். கை வழியாகவும் பொருள் வழியாகவும் போகும். அதனால் அந்த அறைக்கு என்95 மாஸ்க் தேவையில்லை. சளி உறிஞ்சும்போது, தெறிக்கும் வேலை செய்யும்போது மட்டும் மாஸ்க்கும் கண்ணாடியும். நோயாளியையோ கட்டிலையோ தொடப்போகிறவர்களுக்குக் கவுனும் க்ளவுஸும். எவர்சில்வர் தட்டு, டம்ளரை வழக்கம் போலச் சோப்பும் சுடுதண்ணீரும் போட்டுக் கழுவினால் போதும். தட்டை உள்ளே கொண்டுபோய், தலையணையைத் தூக்கி வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டலாம். ஒரு தயக்கமும் வேண்டாம்.

தனிமைப்படுத்திய நோயாளிகளை மருத்துவர்களும் செவிலியரும் குறைவாகவே போய்ப் பார்க்கிறார்கள், விழுவதும் படுக்கைப்புண்ணும் போன்ற தடுக்கக்கூடிய கெடுதல்கள் அவர்களுக்கு அதிகம் என்று ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. மனச்சோர்வும் கூடுகிறது. கவுன் மாட்டும் சலிப்புதான் பாதிக் காரணம். எனவே கவுன் மாட்டி ஒரு தடவை உள்ளே போனால் ஐந்து வேலை முடியட்டும்: மருந்து, பிபி, திருப்பிப் படுக்க வைப்பது, தண்ணீர், சிறுநீர். பகலில் 2 மணி நேரத்துக்கு ஒரு முறை என்று பெயர் போட்டு டூட்டி எழுதுங்கள். ரவுண்ட்ஸில் கடைசி என்று வைத்தால் ஓபி நேரம் வந்து தட்டிப்போகும், நேரம் குறித்துவிடுங்கள். வாசலுக்கு உள்ளே கொஞ்சம் தள்ளித் தரையில் சிவப்பு நாடா ஒட்டி, அந்தக் கோடு வரை கவுன் இல்லாமல் வந்து முகம் பார்த்துப் பேசலாம் என்று சில மருத்துவமனைகள் வைத்திருக்கின்றன. நல்ல ஏற்பாடு. மாஸ்க் போட்டிருந்தால் பெயரைச் சொல்லிவிட்டுப் பேசுங்கள், காது மந்தமானவர்கள் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வார்கள். மூக்குக் கண்ணாடி, காது மிஷின், செல்போன், சார்ஜர் கை எட்டும் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். மணி இல்லையென்றால் ஒரு கைமணி வாங்கி வையுங்கள். சுவரில் கடிகாரம், தேதி தெரியும் காலண்டர்.

பிபி கஃப், ஸ்டெத், தெர்மாமீட்டர் அந்த அறைக்கென்றே. போட்ட கவுனைக் கதவில் மாட்டி மறுபடி போடும் வழக்கம் கூடாது, உள்பக்கம் வெளிப்பக்கம் கலந்துவிடும். கழற்றும் வரிசை: க்ளவுஸ், கவுன், பிறகு கை. க்ளவுஸ் போட்டிருந்ததால் கை கழுவ வேண்டாம் என்பது நிறையப் பேரிடம் இருக்கும் நினைப்பு. கழற்றும்போதுதான் கையில் படும். தனி அறை இல்லாதபோது மூலைக் கட்டில், அடுத்ததோடு குறைந்தது ஒரு மீட்டர் இடைவெளி, தரையில் நாடா. முன்பு அவரோடு ஒரே அறையில் இருந்தவர்களுக்கு ஆசனவாய் ஸ்வாப் எடுத்துப் பார்க்க வேண்டுமா என்று மைக்ரோபயாலஜியில் கேளுங்கள்; உலக சுகாதார நிறுவனத்தின் 2017 வழிகாட்டுதல் இந்த வகைக் கிருமிகளுக்குப் பரிசோதனை செய்யச் சொல்கிறது.

கதவில் கிருமியின் பெயரோ நோயின் பெயரோ எழுதாதீர்கள். 'தொடும் முன் கை சுத்தம், கவுன், க்ளவுஸ். சந்தேகம் இருந்தால் சிஸ்டரைக் கேளுங்கள்' என்று போதும்.

குடும்பத்தாரிடம் மாற்றிய பிறகு சொல்லாமல், மாற்றும் முன்பே உட்கார்ந்து சொல்லுங்கள். இப்படி: 'ஐயாவோட யூரின்ல ஒரு கிருமி இருக்கு. நிறைய மருந்துக்கு அது அடங்க மாட்டேங்குது. இது உங்க யாரோட தப்பாலயும் வந்ததில்ல, ஆஸ்பத்திரியில வரக்கூடியதுதான். காத்துல பரவாது, கை வழியாத்தான் போகும். பக்கத்து படுக்கைல ஆபரேஷன் ஆனவங்க இருக்காங்க, அவங்களுக்குப் போயிடக் கூடாதுன்னுதான் தனி ரூம். நீங்க உள்ள வரலாம், கையப் பிடிக்கலாம், ஊட்டலாம். வரும்போதும் போகும்போதும் கைல இதைப் போட்டுக்குங்க.' கிருமி மருத்துவமனையில் வந்திருக்கலாம் என்பதை மறைத்தால் அவர்களுக்கு வேறு யாராவது சொல்வார்கள். பிறகு நீங்கள் சொல்லும் எதையும் நம்ப மாட்டார்கள்.

கூட இருப்பவர் மாறி மாறி வராமல் ஒன்றிரண்டு பேராக இருக்கட்டும், மற்றப் படுக்கைகளுக்கு உதவப் போக வேண்டாம். சும்மா உட்கார்ந்திருக்கக் கவுன் கட்டாயமில்லை. மலம், சிறுநீர் சுத்தம் செய்வதென்றால் ஏப்ரனும் க்ளவுஸும் கொடுங்கள். வீட்டுக்குப் போகும்போது 'பேரப்பிள்ளையைத் தூக்கலாமா?' என்று கேட்பார்கள். தாராளமாகத் தூக்கலாம், கழிப்பறை போனபின் சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும், தனித் தட்டு தனி அறை வேண்டாம் என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். அடுத்து எந்த மருத்துவமனைக்குப் போனாலும் இந்த ரிப்போர்ட்டைக் காட்டச் சொல்லி டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதுங்கள். இறக்கும் தறுவாயில் இருப்பவராக இருந்தால் விதியைக் காட்டிக் குடும்பத்தை வெளியே நிறுத்தாதீர்கள். தொட்டு அழட்டும், நெற்றியில் திருநீறு பூசட்டும், பிறகு கை கழுவட்டும்.

---

வார்டு_பொறுப்பு:

மிக்க நன்றி. நாடாவும் கைமணியும் நாளைக்கே வாங்கிவிடலாம். வென்ஃப்ளான் பற்றியும் சொல்லுங்கள். எங்கள் டிரேயில் ஸ்பிரிட் பஞ்சு ஜாடி இருக்கிறது, அதுவும் சந்தேகமா? இன்னொன்று: ரவுண்ட்ஸில் 'ட்யூபை எடுக்கலாமா டாக்டர்?' என்றால் 'இருக்கட்டும், பார்க்கலாம்' என்கிறார்கள்.

---

செவிலியர்_ஆசிரியை:

ஜாடியை எடுத்துவிடுங்கள். ஸ்பிரிட்டில் பஞ்சை ஊறப் போட்டு வைத்தால் ஆல்கஹால் ஆவியாகிப் பலம் குறையும். ஸ்போர்கள் அதில் சாகாது. எல்லோர் விரலும் உள்ளே போகும். தனித்தனி ஸ்வாப் வாங்க முடியாவிட்டால் உலர்ந்த பஞ்சில் அப்போதைக்கப்போது ஸ்பிரிட்டை ஊற்றிக்கொள்ளுங்கள்.

வென்ஃப்ளான் டிரேயில் இன்னும் மூன்றைத் தேடுங்கள். பிளாஸ்டிக் டிரிப்ஸ் பாட்டிலின் தலையில் காற்றுக்காக ஊசி குத்தியிருப்பது: வார்டுக் காற்று நேராக மருந்தில் போகிறது. ஏர்வென்ட் உள்ள செட் அல்லது தானே சுருங்கும் பாட்டில் வாங்கச் சொல்லுங்கள். ரப்பர் மூடியில் ஊசியைக் குத்தியபடியே விட்டிருக்கும் மருந்துக் குப்பி. 'ஃப்ளஷ்' என்று எழுதிக் காலையிலிருந்து எல்லோருக்கும் உறிஞ்சும் 100 மி.லி. சலைன் பாட்டில்: அதில் ஒரு தடவை கிருமி போனால் அன்று வார்டில் உள்ள எல்லோர் ரத்தத்துக்கும் போகும். 10 மி.லி. ஆம்பூல் ஆளுக்கொன்று.

போடும் இடம் முன்கை நல்லது. முழங்கை மடிப்பும் மணிக்கட்டும் அசைந்து அசைந்து வீங்கும். ஆல்கஹாலில் கலந்த 2% குளோர்ஹெக்ஸிடின் தேய்த்து, 30 நொடி காயவிட்டு, மறுபடி விரலால் தடவிப் பார்க்காமல் குத்துங்கள். தேதியும் நேரமும் டிரெஸ்ஸிங் மேல். ஊசி ஏற்றும் முன் மூடியை 15 நொடி தேய்க்கணும். ஒவ்வொரு ஷிஃப்டிலும் அழுத்தி 'வலிக்குதா?' என்று கேளுங்கள்; வலியும் சிவப்பும் சேர்ந்தால் அப்போதே எடுத்துவிடுங்கள். ஒழுங்காக இருந்தால் 72 மணி நேரத்துக்கு முன் வழக்கத்துக்காக மாற்ற வேண்டாம். மாத்திரை விழுங்க முடிகிறவருக்கு ஏன் இன்னும் வென்ஃப்ளான் என்பதையும் தினமும் கேளுங்கள். பொட்டாசியம், ஃபெனிடோயின் (வலிப்பு மருந்து) போகும் நரம்பு கிருமி இல்லாமலேயே வீங்கும். கலக்கும் அளவையும் வேகத்தையும் பாருங்கள்.

டாக்டர்களிடம் 'எடுக்கலாமா?' என்று கேட்காதீர்கள், 'இருக்கட்டும்' என்பது சுலபமான பதில். கேஸ் ஷீட்டில் தினமும் ஒரு சீல்: 'ட்யூப் 3-ஆம் நாள். தொடரக் காரணம்: ______.' காரணம் எழுதினால் தொடரும். எழுதாவிட்டால் பட்டியலில் உள்ள காரணம் எதுவும் இல்லாதவருக்குச் சிஸ்டரே எடுக்கலாம் என்று மருத்துவக் கண்காணிப்பாளரிடம் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வையுங்கள். யூராலஜி கேஸ், சிறுநீர்க்குழாய் அறுவை ஆனவர்களை அந்த விதியிலிருந்து நீக்கிவிடுங்கள், அங்கே எடுத்த ட்யூபைத் திரும்பப் போடுவது ஆபத்து.

---

கிருமியியல்_மேசை:

ஒரு சேர்க்கை. எல்லா வார்டிலும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். பெண்கள் பொது வார்டு ஒன்றில் ட்யூப் எண்ணிக்கை, சீல், ஆளுக்கொரு மக் மூன்றும் ஒரு மாதம் ஓடட்டும்.

கூட இருப்பவர்களுக்குச் சேர்க்கையன்றே ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். சொல்லிவிட்டு விடாமல், செய்து காட்டி, அவர்களைச் செய்யச் சொல்லிப் பாருங்கள்: ரப் போடுவது, பேக்கைத் தரையில் படாமல் மாட்டுவது, வாய் உரசாமல் காலி செய்வது, மூடியதா என்று பார்ப்பது. அளவை எழுத முடியாதவர்களுக்கு மக்கில் பெயின்ட் கோடு போட்டு 'எந்தக் கோடு வரை வந்தது?' என்று கேட்டால் நர்ஸ் எழுதிக்கொள்ளலாம். ராத்திரி ஆள் மாறினால் காலையில் கற்றவருக்கு மட்டும் தெரிந்து பயனில்லை, அதனால் இரவு 8 மணி ஷிஃப்ட் மாறும்போது புதிதாக வந்தவர் யார் என்று ஒரு சுற்று கேட்டுவிடுங்கள்.